புள்ளி வைத்தவளுக்குப் புரோகிராம் எம்மாத்திரம்?



"நாற்பது வயசுக்கு மேலே மண்டையில் புதுசா எதுவும் ஏறாது" என்று நம்மில் பலர் சொல்லிக் கொள்வதுண்டு. சொல்லிச் சொல்லியே அதை நம்பியும் விடுகிறோம். புதுச் சமையல் குறிப்பு ஏறுகிறது. புது எம்பிராய்டரி தையல் ஏறுகிறது. யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் எத்தனை பவுன் போட்டார்கள் என்பது பத்து வருஷமானாலும் மறப்பதில்லை. 'படிப்பு' என்றதும் மட்டும் கதவைச் சாத்திக் கொள்கிறோம். ஏன்?

நான் ஆறு மாதமாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பழகி வருகிறேன். உடனே பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! இது இன்ஜினீயர்களுக்காக எழுதும் கட்டுரை இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திய குடும்பத் தலைவி ஒருத்தி, டேப்லெட்டில் புதிர் போட்டு விளையாடியே கற்றுக் கொண்ட விஷயங்களை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன், அவ்வளவுதான்.

காரணம் என் பெண். பிளஸ் டூ படிக்கிறாள். கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடத்தில் பைத்தான் என்கிற புரோகிராம் மொழி வருகிறது. அவளோ அதைச் செய்யுள் ஒப்பிப்பது போல, புள்ளி, கமா, அடைப்புக்குறி எல்லாவற்றோடும் மனப்பாடம் செய்து கொண்டிருந்தாள். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்டால் போச்சு, கண்ணில் ஜலம். ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "காலேஜில் கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டேம்மா. எனக்கு அந்த மூளை இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

வேறு பாடத்தில் ஆசை இருக்கிறது, அதனால் இது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். 'மூளை இல்லை' என்றாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கு வேண்டாம், சயன்ஸ் வேண்டாம் என்று ஒதுங்கிய எத்தனை பெண்கள் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன்! பதினேழு வயதில் ஒரு பெண் தன்னைப் பற்றி இப்படி முடிவு கட்டினால், பிறகு அதை மாற்ற யாரால் முடியும்?

"சரி, எனக்கு ஒரு அட்சரமும் தெரியாது. நீயே எனக்குச் சொல்லிக் கொடு. எனக்கு ஏறினால் உனக்கும் ஏறும்" என்றேன். சிரித்தாள். ஆனால் மறுக்கவில்லை.

மூன்று இடது, ஒரு வலது

என் கொழுந்தனார் புது டேப்லெட் வாங்கியபோது பழைய ஐபேடை எங்களுக்குக் கொடுத்திருந்தார். ("டேப்லெட் எங்கே வச்சேடி?" என்று நான் பெண்ணிடம் கேட்டபோது, என் மாமியார் "மாத்திரையை நான்தான் போட்டுக்கிட்டேனே!" என்றாரே பார்க்கலாம்.) அதில் ஸ்விஃப்ட் ப்ளேகிரவுண்ட்ஸ் என்று ஒரு ஆப். ஆப்பிள் கம்பெனி 2014-ல் ஸ்விஃப்ட் என்ற புரோகிராம் மொழியை அறிவித்தது. அதைப் புதியவர்கள் விளையாட்டாகக் கற்க 2016-ல் இந்த ஆப்பை வெளியிட்டது.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு மேடை. அதன் மேல் ஒற்றைக் கண்ணோடு 'பைட்' என்கிற பொம்மை. எங்கோ ஒரு கட்டத்தில் ரத்தினக்கல் ஒன்று மின்னிக் கொண்டிருக்கும். பொம்மையை நடத்திச் சென்று கல்லை எடுக்க வைக்க வேண்டும். விரலால் இழுத்தால் அது வராது. கட்டளை எழுதினால்தான் நகரும். 'முன்னால் ஓரடி போ', 'கல்லை எடு', 'இடது பக்கம் திரும்பு', 'சுவிட்சைத் தட்டு' என்று ஆங்கிலத்தில் சின்னச் சின்னக் கட்டளைகள். வரிசையாக எழுதிவிட்டுப் பொத்தானைத் தட்டினால், பொம்மை ஒவ்வொன்றாகச் செய்து காட்டும்.

முதல் சில புதிர்கள் சுலபம். கொஞ்ச தூரம் போனதும்தான் வேடிக்கை. பொம்மை வலது பக்கம் திரும்ப வேண்டும். ஆனால் 'வலது பக்கம் திரும்பு' என்ற கட்டளையே கொடுக்கப்படவில்லை!

"ஏண்டி, இது வலது பக்கம் திரும்பாதா?"

"இடது மட்டும்தாம்மா இருக்கு. இருக்கிறதை வச்சு நீயே யோசி."

யோசித்தேன். நீங்களும் எழுந்து நின்று செய்து பாருங்களேன். வாசலைப் பார்த்து நில்லுங்கள். இடது பக்கம் ஒரு தரம் திரும்புங்கள்; இன்னொரு தரம், இப்போது வாசலுக்கு முதுகு; மூன்றாம் தரம் திரும்பினால், முதலில் உங்கள் வலது கை இருந்த திசையைப் பார்த்து நிற்பீர்கள். ஆக, மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது! நான் கூடத்தில் நின்று சுற்றுவதைப் பார்த்து, "ஏம்மா, கும்மி அடிக்கிறியா?" என்றார் மாமியார்.

இதோடு முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று இடது எழுதிக் கொண்டிருக்க வேண்டாம். அந்த மூன்றையும் சேர்த்து 'வலது பக்கம் திரும்பு' என்று நாமே ஒரு பெயர் வைத்துவிட்டால், பிறகு அந்தப் பெயரை மட்டும் எழுதினால் போதும். இதற்கு 'ஃபங்ஷன்' என்று பெயர். நமக்கு இது புதிதா என்ன? மிளகு, சீரகம், தனியா, துவரம்பருப்பு எல்லாம் வறுத்து அரைத்து ரசப்பொடி என்று ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறோம். அப்புறம் தினமும் 'ரசப்பொடி ஒரு ஸ்பூன்' என்றால் தீர்ந்தது. யாரும் தினம் தினம் மிளகிலிருந்து ஆரம்பிப்பதில்லையே!

இட்லி ஈடும் அட்சய பாத்திரமும்

அடுத்து வந்தது 'லூப்', அதாவது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது. இதில் இரண்டு வகை. "நாலு ஈடு இட்லி ஊற்று" என்றால் எண்ணிக்கை முன்பே தெரியும். இதற்கு 'ஃபார்' லூப். "மாவு இருக்கிற வரைக்கும் ஊற்று" என்றால் எண்ணிக்கை தெரியாது, நிபந்தனைதான் தெரியும். இதற்கு 'வைல்' லூப். இரண்டாவதில் ஒரு ஆபத்து உண்டு. மாவு குறையவே குறையாத அட்சய பாத்திரமாக இருந்தால் ராத்திரி வரை இட்லி ஊற்றிக் கொண்டே இருக்க வேண்டியதுதான். புரோகிராமும் அப்படித்தான் முடிவில்லாமல் ஓடும். ஆகவே 'வைல்' எழுதும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று குறைகிறதா, கூடுகிறதா, அது என்றைக்காவது நிபந்தனையைத் தொடுமா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

'இஃப்' என்பது 'பால் பொங்கினால் அடுப்பை அணை, இல்லாவிட்டால் காத்திரு' என்பது போல. 'வேரியபிள்' என்பது பெயர் ஒட்டிய டப்பா. உள்ளே இருக்கும் சரக்கு மாறலாம், பெயர் மாறாது. ஃபங்ஷன், லூப், இஃப், வேரியபிள் என்ற நான்கும் புரிந்து விட்டால், பாதிக் கிணறு தாண்டியாச்சு.

புதிர்கள் மூலம் கற்பதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? முதல் தடவையிலேயே சரியாக வர வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை. பொம்மை வேறு கட்டத்தில் போய் நின்றால் யாரும் குட்டுவதில்லை, மார்க் குறைப்பதில்லை. எந்த வரியில் பிசகியது என்று பார்த்து மாற்றினால் போதும். இந்தப் பிசகுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் 'பக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூச்சி என்று அர்த்தம். சொல் பழையதுதான். ஆனால் 1947-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் டூ' என்ற பெரிய கணிப்பொறிக்குள் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அரிசியில் கல் பொறுக்கும் நமக்குப் பூச்சி தேடுவது பெரிய காரியமா?

பைத்தான் என்றால் பாம்பு இல்லை

பொம்மைப் புதிர்கள் கைக்கு வந்த பிறகு, அதே டேப்லெட்டில் பைத்தான் எழுதும் ஒரு ஆப்பைப் பெண் போட்டுக் கொடுத்தாள். ஸ்விஃப்டிலிருந்து பைத்தானுக்குப் போவது, கேஸ் அடுப்பிலிருந்து மின்சார அடுப்புக்குப் போவது மாதிரிதான். பொத்தான்கள் வேறு; சமையல் அதேதான்.

பைத்தானை உருவாக்கியவர் ஹாலந்து நாட்டுக்காரரான கைடோ வான் ரோசம். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக ஆரம்பித்து, 1991-ல் வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பைக் குறித்து வந்ததில்லை. பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த 'மாண்டி பைத்தான்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை நினைத்து வைத்தாராம். இது இலவசம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. லூப்புக்கு உள்ளே வரும் வரிகளை எல்லாம் ஒரே அளவு இடம் விட்டு, உள் தள்ளி எழுத வேண்டும். ஒரு வரி நகர்ந்தாலும் ஏற்காது. கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப் போனால் கம்பி இணையாது அல்லவா, அதேதான்.

பெண் எனக்குக் கொடுத்த முதல் புதிர் உலகம் முழுவதும் புதியவர்களுக்குக் கொடுக்கும் பிரபலமான ஒன்று: 1000-க்குக் குறைவான எண்களில் 3-ஆலோ 5-ஆலோ வகுபடும் எண்களை எல்லாம் கூட்டினால் எவ்வளவு?

கையால் போடலாம். 3-ன் மடங்குகளைக் கூட்டினால் 1,66,833. 5-ன் மடங்குகளைக் கூட்டினால் 99,500. இரண்டையும் கூட்டிவிட்டால் விடையா? இல்லை. இங்கேதான் பொறி. 15, 30, 45 போன்றவை இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. விசேஷத்துக்கு இலை எண்ணும்போது 'சொந்தக்காரர்கள் 80, தெருக்காரர்கள் 60' என்று கூட்டினால், சொந்தமாகவும் அதே தெருவிலும் இருக்கிறவர்களுக்கு இரண்டு இலை போட்ட கணக்காகிவிடும். ஆகவே 15-ன் மடங்குகளின் கூட்டுத்தொகையான 33,165-ஐ ஒரு முறை கழிக்க வேண்டும். விடை 2,33,168.

புரோகிராமில் இதைவிடச் சுலபம். ஒவ்வொரு எண்ணாக எடுத்து, "நீ 3-ஆல் வகுபடுவாயா, அல்லது 5-ஆல் வகுபடுவாயா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். ஆமாம் என்றால் கூட்டு. ஒவ்வொருவரையும் வாசலில் ஒரு முறைதான் எண்ணுகிறோம், அதனால் இரட்டை இலைக்கு இடமே இல்லை. நாலைந்து வரிதான். பொத்தானைத் தட்டிய மறுகணம் 233168 என்று திரையில் வந்து நின்றது. கையால் போட்ட விடையும் அதே! அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல! முதல் தடவையாக முறுக்கு நன்றாகச் சிவந்து, வாயில் போட்டதும் கரையும்படி வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

நம் கோலப் பக்கமே ஒரு புரோகிராம்தான்

இனி நான் சொல்லப் போவதைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது. பத்திரிகைகளில் கோலத்துக்குக் கீழே ஒரு வரி போடுவார்களே, '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி' என்று, அதைப் படித்ததும் நம் கை தானாகப் புள்ளி வைக்கிறது. நடு வரிசையில் 15. அதற்கு மேலும் கீழும் 14, 13, 12 என்று ஒவ்வொன்றாகக் குறைத்து, 8 வந்ததும் நிறுத்து. ஒவ்வொரு வரிசையிலும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வை. எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு குறைப்பது, எங்கே நிறுத்துவது என்ற மூன்று விஷயமும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. பைத்தானின் 'ஃபார்' லூப்புக்கும் இதே மூன்றுதான் தேவை! நம் பாட்டிமார்கள் பேப்பரும் பேனாவும் இல்லாமல் லூப் ஓட்டியவர்கள்.

நடு எண்ணும் முடிவு எண்ணும் கொடுத்தால் புள்ளிகளைத் திரையில் வைத்து, மொத்தம் எத்தனை என்று சொல்லும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். '7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி' என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37. '15-லிருந்து 8' என்றால் 169. நேர்ப்புள்ளியில் '7-லிருந்து 1' என்றால் இரண்டிரண்டாகக் குறையும்: 1, 3, 5, 7, 5, 3, 1, மொத்தம் 25. இடைப்புள்ளிக்கும் நேர்ப்புள்ளிக்கும் புரோகிராமில் முக்கியமான வித்தியாசம், ஒன்று குறைப்பதா, இரண்டு குறைப்பதா என்பதுதான்.

இது என் கற்பனை ஒப்பீடு என்று நினைக்காதீர்கள். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலங்களைக் கணிப்பொறி இலக்கண முறையில் ஆராய்ந்து, 1974-ல் ஒரு சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போல, சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் வளர்வதற்கும் விதி உண்டு என்று காட்டினார்கள். அந்த மூவரில் இருவர் பெண்கள்!

பெண்கள் என்றதும் இன்னொன்று. 1843-ல், கணிப்பொறி என்று ஒன்று கட்டப்படுவதற்கு முன்பே, இங்கிலாந்தின் ஏடா லவ்லேஸ், சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டிருந்த இயந்திரம் எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று படிப்படியாக எழுதி வெளியிட்டார். 1946-ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' கணிப்பொறிக்குப் புரோகிராம் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களுக்குப் பைத்தானும் இல்லை, பாடப் புத்தகமும் இல்லை. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே கற்றுக் கொண்டார்கள். இதை என் பெண்ணுக்குச் சொன்னபோது, "இது எங்க புக்கில் இருந்தால் நல்லா இருக்குமேம்மா" என்றாள்.

ரெண்டு வட்டி, மூணு வட்டி

'இதெல்லாம் சரி, வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தீபாவளிக்கு முன் கடைக்குச் சரக்கு எடுக்க இவருக்கு 50,000 ரூபாய் தேவைப்பட்டது. தெரிந்தவர் ஒருவர் ரெண்டு வட்டிக்குத் தருவதாகச் சொன்னார். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். "மாசா மாசம் வட்டி கட்டணும்னு கட்டாயம் இல்லை. அசலோடு சேர்த்துக்கலாம், முடிஞ்சப்போ கொடுங்க" என்றாராம். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. "ரெண்டு ரூபாய்தானே" என்று இவரும் சம்மதிக்கும் நிலையில் இருந்தார்.

அன்று இரவு நானும் பெண்ணும் இதையே ஒரு புதிராக எடுத்துக் கொண்டோம்: ஒன்றுமே கட்டாமல் விட்டால் எத்தனை மாதத்தில் கடன் இரட்டிப்பாகும்? 'கடன்' என்று ஒரு டப்பா, அதில் 50,000. 'மாதம்' என்று ஒரு டப்பா; அதில் பூஜ்யம். கடன் ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருக்கிற வரை, அதில் நூற்றுக்கு இரண்டு சேர். மாதத்தில் ஒன்று கூட்டு. இதுதான் புரோகிராம். 'மாவு இருக்கிற வரை ஊற்று' லூப்பேதான்.

திரையில் வந்தது: முதல் வருஷ முடிவில் 63,412 ரூபாய். 36-வது மாதம் கடன் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது! இரண்டை மூன்றாக மாற்றி, மூணு வட்டிக்குப் போட்டோம். ஒரு வருஷத்தில் 71,288. இரட்டிப்பாவது 24-வது மாதத்திலேயே. வட்டி பாதி மடங்கு கூடினால் நாள் ஒரு வருஷம் சுருங்கிப் போகிறது.

வருஷத்துக்கு 10 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால், அதே 50,000-க்கு ஒரு வருஷ வட்டி 5,000 ரூபாய். ரெண்டு வட்டியில், சேர்த்துக் கொண்டே போனால், 13,412. இவர் அந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டே இருந்தார். "மாசத்துக்கு ரெண்டுன்னா வருஷத்துக்கு இருபத்தினாலுன்னு தெரியும். ஆனா இப்படி வரிசையா மாசம் மாசமா பார்த்ததில்லை" என்றார். மறுநாள் என் இரட்டை வடச் சங்கிலி வங்கிக்குப் போயிற்று; வருஷ வட்டிக்கு நகைக் கடன் எடுத்தோம். தை மாதம் மீட்டும் விட்டோம். நகை அடகு போனதில் வருத்தம் இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தது. ஆனால் கணக்குத் தெரிந்து போனது, அதனால் தூக்கம் கெடவில்லை.

வீட்டுப் பெண்களே, யாராவது 'ரெண்டுதானே, மூணுதானே' என்றால், புரோகிராம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பேப்பரில் 12 வரி எழுதிப் பாருங்கள். அதுவும் லூப்தான்.

பெண் என்ன ஆனாள்?

எனக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்த்தான் அவளுக்கே புரிய ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' என்று கேட்பேன். மனப்பாடம் செய்தவளால் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, யோசித்து, எழுதிக் காட்டித்தான் ஆக வேண்டும். இப்போது கேள்வியில் எண்ணை மாற்றினால் அவள் பயப்படுவதில்லை. "இதில் எந்த டப்பா மாறுதும்மா?" என்று தானே கேட்டுக் கொள்கிறாள். காலேஜில் என்ன எடுப்பாள் என்பது இன்னும் முடிவாகவில்லை. தாவரவியல் எடுத்தாலும் எனக்குச் சம்மதமே. 'எனக்கு அந்த மூளை இல்லை' என்ற காரணம் மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது. எனக்கு அது போதும்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். மதியச் சமையல் முடிந்து, அடுத்த வேலை தொடங்குமுன் உள்ள நேரம் எனக்குச் சௌகரியம். ஒரு புதிரில் மாட்டிக் கொண்டால் விட்டுவிட்டு எழுந்து விடுங்கள். துணி மடிக்கும்போது விடை தானாக வரும்.

திரையைத் தொடுமுன் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். 'முதலில் இது, பிறகு இது, இப்படி இருந்தால் அது' என்று எழுத முடிந்தால், மொழி மாற்றுவது சுலபம். ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். ஆரம்பத்தில் தேவைப்படும் சொற்கள் இருபது இருபத்தைந்துதான்.

கண்ணைக் கவனியுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வதுண்டு. வாசல் வேப்ப மரமோ, எதிர் வீட்டு மாடியோ போதும். படுத்துக் கொண்டு டேப்லெட் பார்ப்பது கழுத்துக்கு ஆகாது. தலையணை மேல் சாய்த்து வைத்து, உட்கார்ந்து பாருங்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'புரோகிராம் நல்லதாமே' என்று குழந்தை கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன யோசனைப்படி, இரண்டு வயது ஆகாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவானால் இன்னும் நல்லது. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென்றே 2014-ல் வெளிவந்த ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற இலவச ஆப் உண்டு. படக் கட்டங்களை அடுக்கினால் பூனை நடக்கும்.

டேப்லெட்டே இல்லாவிட்டாலும் குறையில்லை. தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுங்கள். ஒரு குழந்தை பொம்மை. இன்னொன்று கட்டளை சொல்ல வேண்டும். 'முன்னால் போ, இடது பக்கம் திரும்பு, கல்லை எடு' இந்த மூன்று சொல் மட்டும். 'வலது' என்ற சொல் கிடையாது! எப்படித் தவிக்கின்றன என்று பாருங்கள். ஆனால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அவர்களாகவே மூன்று சுற்றுச் சுற்றிக் கண்டுபிடிக்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

இந்த இதழுக்கு உங்களுக்கும் ஒரு புதிர்: '9 புள்ளி, 5 வரை, இடைப்புள்ளி'. கோலமாவைத் தொடாமல், மனக் கணக்காகவே, மொத்தம் எத்தனை புள்ளிகள் என்று சொல்ல முடியுமா? போட்டு வையுங்கள். விடையோடு அடுத்த இதழில் சந்திக்கிறேன்.